சடையனுக்கு வந்த தந்தி

பாடை நீளம் போதவில்லை.

பச்சை மூங்கில் இரண்டை வழக்கமான அளவுக்கு வெட்டி, குறுக்கே கட்டைகள் வைத்து இறுக்கி, மேலே தென்னங்கீற்றும் பரப்பியாகிவிட்டது. அதன் பிறகுதான் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, வாசலில் கிடந்த சடையனைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார். அரிவாளைக் கீழே வைத்தார்.

"அங்கமுத்தண்ணா, கால் வெளிய நிக்குமுங்க."

அங்கமுத்து தம்பியின் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று வாரக் காய்ச்சல் சடையனின் உடம்பில் இருந்த சதையையெல்லாம் தின்றுவிட்டது. நீளத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆறடி இரண்டு அங்குலம். இருபத்தெட்டு வயசில், அந்த ஊரில் எந்த நிலைப்படியிலும் குனியாமல் நுழைந்தறியாதவன்.

"முட்டிய லேசா மடக்கிக் கட்டீரலாமுங்களா?" என்றார் அவர்.

"மடக்க வேண்டாமுங்க."

சொன்னது உண்ணாமலை. சடையனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் கணவனின் அண்ணன் முன்னால் அவள் வாய் திறந்ததில்லை. சோற்றை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். இப்போது அங்கமுத்துவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"ஊட்டுக் கட்டில்ல ஒருநாளும் அவரு கால நீட்டிப் படுத்ததில்லீங்க. இன்னிக்காச்சும் நீட்டிப் படுக்கட்டும்."

அங்கமுத்து குனிந்து அரிவாளை எடுத்தான். பங்காளி ஒருவர் பக்கத்தில் வந்தார். "எதுக்கப்பா வாய்க்காலுக்கு அத்தன தூரம் போறே? களத்துல பந்தடிக்கறதுக்கு நட்ட மூங்கில் ரெண்டு நிக்குதே. நல்ல நீளம். இனி அத வெச்சு யாரு என்ன பண்ணப் போறாங்க?"

"அது நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அங்கமுத்து வாய்க்கால் பக்கம் நடந்தான்.

மூங்கில் புதரில் நீளமான ஒன்றைப் பார்த்து அடியில் நாலு வெட்டுப் போட்டிருப்பான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாச்சிமுத்து வந்தான். சடையனோடு தினமும் பந்தாடுகிறவன், அவனைக் கேப்டன் என்றே கூப்பிடுகிறவன். வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவன் வேலை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணா, நாமக்கல் போயி ஒரு தந்தி அடிச்சுட்டு வந்தர்றேனுங்க."

அரிவாள் மூங்கிலில் பதிந்து நின்றது.

"யாருக்கு?"

"சங்ககிரியில கேப்டனோட காலேஜ் சிநேகிதரு இருக்காருங்க. அப்புசாமின்னு பேரு. தாலுகா கச்சேரியில குமாஸ்தா. காயிதம் போட்டா நாளாயிரும். தந்தின்னா மத்தியானத்துக்குள்ள பஸ் ஏறீருவாரு."

"என்னன்னு அடிப்பே?"

நாச்சிமுத்துவுக்குக் கேள்வி புரியவில்லை. "கேப்டன் போயிட்டாருன்னுதானுங்க. வேற என்னன்னு அடிக்கறது?"

"ஆமா," என்றான் அங்கமுத்து. "உள்ளத உள்ளபடி அடி."

சைக்கிள் போன பிறகும் கொஞ்ச நேரம் அவன் வெட்டவில்லை.

தந்தி அடிக்கிறவரின் முன்னால் அங்கமுத்து தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் நின்றிருக்கிறான். எட்டு வருஷத்துக்கு முன், இதே தை மாசம். அதற்கு முந்தின புரட்டாசியில் அவன் மனைவி பிரசவத்தில் போயிருந்தாள், பிள்ளையும் தங்கவில்லை. வீட்டில் அவனும் அப்பன் ஆண்டியும் மட்டும். இரண்டு ஆண்கள் ஒரு சட்டி களியைக் கிண்டி, பேசாமல் தின்றுவிட்டு, ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொண்டார்கள். சேலத்துக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சடையனிடமிருந்து அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. மூன்றாம் வகுப்பு வரை படித்த அங்கமுத்து அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தான். வாலிபால் ஆட்டத்தில் மாகாண அணிக்குத் தன்னை எடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தான் சடையன். சென்னையில் ஒரு மாசம் பழக்குவார்கள், பிறகு பம்பாயில் பந்தயம். நன்றாக ஆடினால் அங்கேயே ரயில்வேயில் வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்களாம். 'இனி ஊருக்கு வருவது வருஷத்துக்கு ஒருமுறைதான் இருக்கும் போலிருக்கிறது அண்ணா.'

மறுநாள் விடிந்ததும் அங்கமுத்து ஆறு மைல் நடந்து நாமக்கல் போனான். என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்கள். "அப்பனுக்கு நெஞ்சுவலி. பொழைக்கறது கஷ்டம். ஒடனே வா," என்றான். அந்த நேரத்தில் ஆண்டி தோட்டத்தில் வெல்லச் சிப்பங்களை வண்டியில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த நாள் பொழுது சாய சடையன் வந்து சேர்ந்தான். தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தான். கிணற்று மேட்டில் அப்பன் வடத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றார். அங்கமுத்து தண்ணீர் இறைக்கும் கவலை மாடுகளின் பின்னால் நின்றான். சடையன் கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை நாமக்கல்லிலிருந்து வரும் வழியெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தான். நேற்று நிஜமாகவே வலி வந்தது, வைத்தியர் சூரணம் கொடுத்தார், சாமி புண்ணியத்தில் நின்றுவிட்டது. ஆனால் சடையன் கேட்கவில்லை. அப்பனை ஒருமுறை பார்த்தான். பெட்டியை வேப்பமரத்தடியில் வைத்தான். சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டான்.

"கவலைய நானு ஓட்டறேன். நீ போயிச் சாப்புடு அண்ணா," என்று மாட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டான்.

அவ்வளவுதான். அதன் பிறகு சேலத்துக்கும் போகவில்லை, சென்னைக்கும் போகவில்லை. தந்தியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆண்டி நிஜமாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தபோதும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று அங்கமுத்துவுக்கு இன்றுவரை தெரியாது. சில சமயம் ஏர் ஓட்டும்போது தம்பி தன் முதுகைப் பார்த்துக்கொண்டே வருவதாகத் தோன்றும். திரும்பினால் சடையன் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

மூங்கில் சாய்ந்தது. அங்கமுத்து அதை இரண்டாக நறுக்கி, கணுக்களைச் சீவித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

உச்சிப்பொழுதுக்குள் வாசல் நிறைந்துவிட்டது. பங்காளிகளும் மாமன் மச்சான்களும் வருவார்கள் என்று அங்கமுத்துவுக்குத் தெரியும். தெரியாதவர்கள்தான் அதிகம் வந்தார்கள். மோகனூரிலிருந்து மாட்டுவண்டியில் எட்டுப் பேர். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பரிசலில் வந்து மீதியை நடந்தவர்கள். சைக்கிளில் ஒருவரை முன்னாலும் ஒருவரைப் பின்னாலும் வைத்துக்கொண்டு மிதித்து வந்தவர்கள். போலீஸ் உடுப்போடு ஒருவன். ரயில்வேயில் சாமான் ஏற்றும் வேலையிலிருக்கும் ஒருவன். பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன் ஒருவன், காக்கி நிஜாரோடு. அழுதுகொண்டு உள்ளே வராமல், சடையனின் காலடியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, வேலியோரமாகப் போய் வரிசையாக நின்றுகொண்டார்கள். நாற்பது பேருக்கு மேல் இருக்கும். ஒருவரோடு ஒருவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். கேப்டன், கேப்டன் என்ற சொல் மட்டும் அங்கமுத்துவின் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

சடையன் ஊருக்கு வந்த முதல் வருஷம் அறுப்பு முடிந்ததும் களத்தைச் சாணி போட்டு மெழுகி, சுண்ணாம்பில் கோடு கிழித்தான். மோகனூரில் மீன் பிடிக்கிறவர்களிடம் சொல்லி வலை பின்னி வாங்கினான். சேலத்திலிருந்து ஒரு தோல்பந்து வந்தது. மூன்று பேரோடு தொடங்கினான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனான். அவன் கோடு கிழித்துக் கொடுத்த ஊர்கள் பதினான்கு என்று நாச்சிமுத்து சொல்லுவான். போலீசில் ஆளெடுக்க வந்தவர்கள் இந்தக் களத்துக்கு வந்து நின்று இரண்டு பேரைக் கூட்டிப்போனார்கள்.

அங்கமுத்து ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. ஆட்டம் நடக்கும் நேரத்தில் கிணற்றடியில் அவனுக்கு ஏதாவது வேலை இருக்கும். இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்வான். களத்திலிருந்து பந்து அடிபடும் சத்தம் வரும். கூட்டம் ஒரே குரலாக ஓவென்று கத்தும். அவன் மாடுகளை அதட்டுவான். கவலை உருளை கிறீச்சிடும்போது மற்றது எதுவும் கேட்காது. அதற்காகவே அந்த உருளைக்கு அவன் எண்ணெய் போடாமல் இருந்தான்.

தூக்கும் நேரம் வந்தது. பங்காளிகள் நாலு பேர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். வேலியோரம் நின்றவர்களும் நகர்ந்து வந்தார்கள். நாச்சிமுத்துதான் பேசினான்.

"அண்ணா, எங்களுக்கும் தோள் குடுக்க உடுங்க."

மூத்த பங்காளி அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கல்லாம் எந்தெந்த ஊரு? அந்தக் கடைசியில நிக்கறானே, அவன் எந்தத் தெருவு?"

கடைசியில் நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்க வேண்டாமுங்க பெரியப்பா," என்றான் அங்கமுத்து.

"இல்லடா, ஒரு முறைன்னு இருக்குதில்ல..."

"கேக்க வேண்டாம். தூக்கட்டும்."

அவர் ஒதுங்கி வழிவிட்டார். வாசலிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் சடையன் தோள் மாறி மாறிப் போனான். எந்த இடத்திலும் பாடை கீழே இறங்கவில்லை. ஒருவன் விலகும் கணத்தில் இன்னொருவன் அந்த இடத்தில் இருந்தான்.

விறகு அடுக்கி முடித்திருந்தபோது, மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கோட்டும் குடையுமாக ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். முப்பது வயசுக்குள்தான் இருக்கும், தொந்தி விழுந்திருந்தது. சடையனின் முகத்தை இன்னும் மூடவில்லை என்று தெரிந்ததும் அவருக்கு நின்ற மூச்சு வந்தது. பக்கத்தில் போய்ச் சடையனின் வலது கையைத் தொட்டார். தொட்டபடியே நின்றார். நாச்சிமுத்து தோளைத் தட்டிய பிறகுதான் விலகினார்.

கொள்ளி வைக்கச் சடையனுக்குப் பிள்ளையில்லை. "பெரியவன் சின்னவனுக்கு வெக்கறதாப் போச்சே," என்று யாரோ முணுமுணுத்தார்கள். அங்கமுத்து குடத்தைச் சுமந்து மூன்று சுற்றுச் சுற்றினான். திரும்பிப் பார்க்காமல் தீயை வைத்தான். பிறகு ஆற்றில் முழுகிவிட்டுப் படியேறினான். நாற்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக முழுகி எழுந்து, ஈரத்தோடு அவரவர் ஊர்ப்பக்கம் பிரிந்து போனார்கள்.

வீட்டில் உண்ணாமலையின் தாய்வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். காரியம் முடிந்ததும் அவளைக் கூட்டிப்போவதைப் பற்றித் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கமுத்து வாசலில் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நின்றான். உள்ளே போக ஒரு காரணமும் அவனுக்குத் தோன்றவில்லை. குடைக்காரர் வேலியோரம் நின்றிருந்தார்.

"நான் அப்புசாமிங்க. சொந்த ஊர் வாழப்பாடி. உங்க தம்பியும் நானும் ஒரே அறையில இருந்தோம். அஞ்சரை பஸ்ஸுக்கு நான் கிளம்பணும்."

"வாங்க, ரோடு வரைக்கும் வாரேன்," என்றான் அங்கமுத்து.

நாமக்கல் ரோட்டுக்கு ஒரு மைல். பாதி வழியில் அப்புசாமி தானாகவே பேசத் தொடங்கினார். யாரிடமாவது சொல்லாமல் சங்ககிரி வரை போக முடியாதவர் போலச் சொன்னார்.

"எங்க காலேஜுக்கு அதுக்கு முன்னால வாலிபால்ல ஒரு பேரும் கிடையாதுங்க. இவன் வந்து ரெண்டு வருஷத்துல தெற்கத்திக் காலேஜ் பாதிய ஜெயிச்சுட்டோம். வெறுங்கால்லதான் ஆடுவான். செருப்புப் போட்டா நிலம் தெரியலைம்பான். திருச்சியில ஒரு ஆட்டம். ரெண்டு பக்கமும் பதிமூணு பாயிண்ட். இவன் அடிச்ச அடி உள்ள விழுந்துருச்சு. நடுவர் எங்களுக்குக் குடுத்துட்டாரு. இவன் நேரா அவர்கிட்டப் போயி, 'என் கை வலையில பட்டுருச்சுங்க'ன்னான். யாரும் பார்க்கலை. பட்டது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆட்டம் தோத்துட்டோம். ரெண்டு நாள் நாங்க யாரும் அவன்கூடப் பேசலைங்க."

அங்கமுத்து தரையைப் பார்த்து நடந்தான்.

ரோட்டுப் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸைக் காணோம். யுத்தம் வந்த பிறகு பெட்ரோலுக்குப் பதில் கரிப் புகையில் ஓடும் பஸ். எப்போது வரும் என்பது டிரைவருக்கே தெரியாது. அப்புசாமி மைல்கல்லின் மேல் குடையைச் சாய்த்தார்.

"அவன் மட்டும் அன்னிக்கு மெட்ராஸ் போயிருந்தா... அந்தத் தந்தி வந்துதுங்களே, உங்க அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு."

"ஆமாங்க."

"காலையில வாங்கிப் படிச்சதும் மூஞ்சி செத்துப்போச்சு. மத்தியான பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்துது. உங்க ஊரு வண்டி ஏதாவது வந்திருக்கும், விசாரிக்கலாம்னு செவ்வாய்ப்பேட்டை வெல்லமண்டிக்கு ஓடினான். நானும் கூடப் போனேன். வந்திருந்துது ஒரு வண்டி. வண்டிக்காரர் சிரிக்கிறாரு. 'உங்கப்பனா? நேத்துக் காலையில இந்தச் சிப்பத்தையெல்லாம் ஏத்தி உட்டதே அவருதான்'ங்கறாரு."

ஆற்றில் நனைத்த துண்டு அங்கமுத்துவின் தோளில் கிடந்தது. அதை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கினான். தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டிருந்தது. மறுபடியும் முறுக்கினான்.

"தெரிஞ்சேதான் வந்தானுங்களா?" என்றான் கடைசியில்.

"தெரிஞ்சேதான். நாங்க பிடிச்சு வெச்சோம். போகாதேடா, எவனோ விளையாடியிருக்கான்னு சொன்னோம். அதுக்கு அவன், 'எவனோ இல்ல, எங்கண்ணன்'னான். 'எனக்காக மூணாங்கிளாசோட படிப்ப உட்டவரு. இது வேணும் அது வேணும்னு எங்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல. கேக்கத் தெரியாது அவருக்கு. இப்பத்தான் ஒருதரம் கேட்டிருக்காரு'ன்னான். அவ்வளவுதாங்க. பெட்டியைக் கட்டிட்டான்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அப்புசாமிக்கு உறைத்தது போலிருந்தது. கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு ரோட்டின் கோடியைப் பார்த்தார்.

ஒரு வண்டி கடந்து போனது. சோளத்தட்டு ஏற்றிய வண்டி. அது வளைவில் மறையும் வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

"ஏனுங்க," என்றான் அங்கமுத்து. "அவன் எப்படி ஆடுவான்?"

"நீங்க பார்த்ததில்லையா?"

"இல்லீங்க."

"இந்த எட்டு வருஷத்துலயா?"

அங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அப்புசாமி கோட்டைக் கழற்றி அங்கமுத்துவின் கையில் கொடுத்தார். செருப்பை உதறினார். வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"வலை இங்க இருக்குன்னு வெச்சுக்கங்க," என்று ரோட்டின் குறுக்கே கையால் ஒரு கோடு காட்டினார். "பந்து அந்தப் பக்கத்துலேருந்து மெதுவா மேல வருது. அதைப் பார்க்கவே மாட்டான். வேற எங்கியோ பார்த்துட்டு நிப்பான். அப்புறம் மூணே எட்டுதான்."

ஆறேழு அடி பின்னால் போனார். தொந்தி குலுங்க மூன்று எட்டு எடுத்து வைத்து எம்பினார். வலது கை பின்னாலிருந்து வளைந்து வந்து காற்றை அறைந்தது. இரண்டு காலையும் ஊன்றிப் புழுதியில் இறங்கினார். ஒரு கணம் தடுமாறி நின்றார். மூச்சு வாங்கியது. கண் நிறைந்திருந்தது.

"எட்டு வருஷமாச்சு நான் ஆடி," என்றார் சற்று வெட்கத்தோடு. "இது இல்லீங்க அது. என் கை எட்டினது எங்கே, அவன் கை எட்டறது எங்கே. அந்தக் கிளை தெரியுதில்ல, கீழ வளைஞ்சு வருதே, அங்க இருக்கும் அவன் உள்ளங்கை. அங்க போயி ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் அடிப்பான்னு தோணும். எறங்கும்போது சத்தமே வராது."

அங்கமுத்து அண்ணாந்து பார்த்தான்.

பஸ் வந்தது. அப்புசாமி அவசரமாகச் செருப்பை மாட்டி, கோட்டை வாங்கி, குடையை எடுத்துக்கொண்டார். சாவுக்கு வந்தவர் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் அங்கமுத்துவின் கையை ஒருமுறை அழுத்தினார். பஸ் கரிப் புகையைக் கக்கிக்கொண்டு நாமக்கல்லை நோக்கி வடக்கே நகர்ந்தது.

புழுதி அடங்கியது. அங்கமுத்து நடந்து போய்க் கிளைக்கு நேர்கீழே நின்றான். முற்றிய புளியங்காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. காற்று இல்லை. ரோட்டில் இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டம் இல்லை. வலது கையைத் தலைக்குமேல் உயர்த்தினான். குதிகாலைத் தூக்கிப் பார்த்தான். விரல் நுனிக்கும் காய்க்கும் நடுவே வெறும் வானம் நிறைய இருந்தது. கையை இறக்காமல் அப்படியே நின்றான்.